புல்லட்டுக்கு வீட்டிலேயே டைமிங் வைப்பது எப்படி? பாயிண்ட் இடைவெளியிலிருந்து பாலத்து ஏற்றம் வரை

வார்ப்பிரும்பு என்ஜினும் வலப்பக்கக் கியரும் கொண்ட பழைய புல்லட் 350-ஐ விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் வீடுகள் கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடி, திருவாரூர் வட்டாரங்களில் இன்றும் உண்டு. அப்படிப்பட்ட வண்டி ஒன்று என்னிடமும் இருக்கிறது. அதில் இழுவை குறைந்தாலும், கிக்கர் திருப்பி அடித்தாலும், சைலன்சரில் வெடிச் சத்தம் கேட்டாலும், ‘டைமிங் போய்விட்டது’, அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம் பிசகிவிட்டது, என்பதே எல்லோரும் சொல்லும் முதல் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பாதிதான் சரி. திருகுகள் இறுக்கமாக இருக்கும் வரை டைமிங் தானாக நகர்வதில்லை; அதை நகர்த்திய வேறொன்று உள்ளே இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் பாயிண்ட் (தீப்பொறிக்கான மின்சாரத்தை அறுக்கும் சுவிட்ச்) அமர்ந்திருக்கும் தட்டை மட்டும் திருப்பி வைத்தால், ஒரு பிழையை இன்னொரு பிழையால் மூடியதாகிவிடும். ஆகவே இங்கே சொல்லும் வேலைகளை இதே வரிசையில் செய்ய வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

இந்த வழிகாட்டி, பாயிண்டும் கண்டன்சரும் உள்ள புல்லட்டுக்கு மட்டுமே பொருந்தும். யூ.சி.இ. (என்ஜினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த) என்ஜின் வந்த பிறகான புல்லட்டிலும், இன்றைய பிற வண்டிகளிலும் தீப்பொறியின் நேரத்தை மின்னணுப் பெட்டியே முடிவு செய்கிறது. அங்கே நாம் திருப்புவதற்கு ஒன்றும் இல்லை. எஸ்டி, ராஜ்தூத் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கும் இதே கருத்து பொருந்தும் என்றாலும் அளவுகள் முற்றிலும் வேறானவை என்பதால், இங்குள்ள எண்களை அவற்றுக்குப் பயன்படுத்தக் கூடாது.

எதை அளக்கிறோம்?

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, தீப்பொறி பட்ட கணத்திலேயே முழுவதும் எரிந்துவிடுவதில்லை. எரிந்து அழுத்தம் உச்சத்தை எட்ட ஏறக்குறைய 2 மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளலாம். என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடிதான் கிடைக்கிறது. அந்த 2 மில்லி விநாடிக்குள் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) 36 டிகிரி திரும்பிவிடும். 1000 சுற்றில் ஓடும்போதோ அதே நேரத்தில் 12 டிகிரிதான் திரும்பும். எனவே பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னரே தீப்பொறி விழ வேண்டும். வேகம் கூடக் கூட அந்த ‘சற்று’ பெரிதாக வேண்டும். முன்னதை நாம் கையால் வைக்கிறோம். பின்னதைப் பாயிண்ட் தட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆட்டோ அட்வான்ஸ், தன் இரண்டு எடைக்கட்டைகளாலும் இரண்டு ஸ்பிரிங்குகளாலும் தானே பார்த்துக்கொள்கிறது.

புல்லட் 350-க்கு நாம் வைக்க வேண்டிய அளவு, எடைக்கட்டைகள் ஒடுங்கிய நிலையில், உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பு. பழைய மெக்கானிக்குகள் இதை ‘அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒண்ணு’ என்பார்கள், இரண்டும் ஒன்றே. பிஸ்டனின் முழு ஓட்டமான 90 மி.மீ.-இல் இது மிகச் சிறிய பங்குதான். ஆனால் உச்சிக்கு அருகில் பிஸ்டன் மிக மெதுவாக நகர்வதால், இந்தச் சிறிய அளவு கிராங்க் கணக்கில் ஏறக்குறைய 10 டிகிரி ஆகிவிடுகிறது. அரை மில்லிமீட்டர் பிசகினால் வண்டியின் குணமே மாறுவது இதனால்தான்.

கையில் இருக்க வேண்டியவை

பிளக் ஸ்பேனர், இரண்டு திருப்புளிகள், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), இரண்டு துண்டு வயரில் பற்றவைத்த 12 வோல்ட் மீட்டர் பல்பு (வண்டி 6 வோல்ட் என்றால் பல்பும் 6 வோல்ட்), வளையாத மெல்லிய அலுமினியக் கம்பி, சாக்பீஸ், சுத்தமான வேட்டித் துணி. இவற்றோடு தினசரி காலண்டரிலிருந்து நேற்றைய தாளையும் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பிக்குப் பதிலாக விளக்குமாற்று ஈர்க்கை விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உள்ளே முறிந்தால் ஹெட்டைக் கழற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் வேண்டாம்.

என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் சமமான தரையில் நிறுத்தி, பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் பிளக்கைச் சுற்றியுள்ள குழியை ஊதித் துடைக்க வேண்டும். சாலையில் நெல் காயும் நாட்களில் பதரும் தூசியும் அங்கேதான் அடைந்து கிடக்கும். துடைக்காவிட்டால், பிளக்கை எடுத்தவுடன் அவை நேராக சிலிண்டருக்குள் விழும். பிறகு நான்காம் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்பக்கமாகச் சுற்றினால் என்ஜின் லேசாகத் திரும்பும். இனி எல்லா அளவுகளுக்கும் என்ஜினைத் திருப்ப இதுவே நமது கைப்பிடி. அளக்கும் இடத்துக்கு எப்போதும் முன்பக்கமாகச் சுற்றியே வந்து சேர வேண்டும். குறியைத் தாண்டிவிட்டால், அந்த இடத்துக்கு அப்படியே பின்னால் இழுக்காமல், நன்றாகப் பின்னே போய் மீண்டும் முன்னோக்கி வர வேண்டும். செயின் தொய்வும் டைமிங் பற்சக்கரங்களின் இடைவெளியும் திசை மாறும்போது அளவைக் கெடுத்துவிடும்.

முதலில் பாயிண்ட், அப்புறம்தான் டைமிங்

என்ஜினின் வலப்பக்கத்தில் உள்ள சிறிய வட்ட மூடியைக் கழற்றினால் பாயிண்ட் தெரியும். பின்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே கவனியுங்கள்: நடுவில் உள்ள கேம் திரும்பத் திரும்ப, அதன் புடைப்பு, பாயிண்டின் ஃபைபர் குதிகாலைத் தள்ளி, இரண்டு முகங்களையும் பிரிக்கும். பிரியும் அந்தக் கணத்தில்தான் காயிலில் மின்சாரம் அறுந்து பிளக்கில் தீப்பொறி விழுகிறது. முகங்கள் சேரும்போது அல்ல. இந்த ஒன்றைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஒரு பகல் முழுவதையும் வீணாக்கியவர்களை நான் அறிவேன். கேம் எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதை மூடியின் உட்புறத்தில் சாக்பீஸால் அம்புக்குறியாக வரைந்துவிடுங்கள். பின்னால் அது உதவும்.

முகங்களைப் பாருங்கள். ஒன்றில் சிறு மேடும் மற்றொன்றில் அதற்கேற்ற பள்ளமும் இருந்தால், ஃபீலர் கேஜ் அந்த மேட்டின் மீது நின்றுவிட்டுப் பொய்யான அளவைச் சொல்லும்: காட்டுவது 0.40, உண்மையான இடைவெளி அதைவிடக் கூடுதல். மேடு சிறியதென்றால் மெல்லிய பாயிண்ட் அரத்தால் சமப்படுத்தலாம். உப்புத்தாள் போடாதீர்கள், அதன் துகள்கள் முகத்தில் பதிந்துகொண்டு மறுநாளே மிஸ்ஸிங் கொடுக்கும். பள்ளம் ஆழமாக இருந்தால் பாயிண்டையும் கண்டன்சரையும் சேர்த்தே மாற்றுவது நல்லது, ஏனெனில் இப்படி உலோகம் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்குத் தாவுவது பெரும்பாலும் கண்டன்சர் கெட்டதன் அடையாளம். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் வண்டி நிற்குமானால், மேடு பள்ளம் இல்லாமலேயே உப்புக் காற்றால் முகங்கள் மங்கிப்போயிருக்கும். அதற்குச் சிறிது பெட்ரோலில் நனைத்த துணியும், பிறகு முகங்களுக்கு இடையே காலண்டர் தாளை வைத்து இழுப்பதுமே போதும். கறுப்புக் கோடு விழாமல் தாள் வெளியே வரும் வரை இழுக்க வேண்டும்.

இப்போது கேமின் புடைப்பு குதிகாலை முழுவதும் தள்ளி, முகங்கள் மிக அகலமாக விலகியிருக்கும் இடத்தில் சக்கரத்தை நிறுத்துங்கள். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கலாம், பட்டறைப் பேச்சில் ‘பதினஞ்சு தவு’ (ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு). பாயிண்டின் பூட்டுத் திருகைச் சற்றே தளர்த்தி, ஃபீலர் கேஜின் தகடு இறுகாமலும் தளராமலும், வெண்ணெயில் கத்தி போவது போல வழுக்கிச் செல்லும் அளவுக்கு வைத்துத் திருகை இறுக்குங்கள். இறுக்கிய பின் மறுபடியும் அளந்து பார்க்க வேண்டும். இறுக்கும்போது அது நகர்வது வழக்கம்.

இடைவெளியை ஏன் முதலில் வைக்க வேண்டும்? இடைவெளி கூடினால் முகங்கள் முன்னதாகவே பிரியும். குறைந்தால் தாமதமாகப் பிரியும். அதாவது இடைவெளியைத் தொட்டாலே டைமிங்கும் நகர்ந்துவிடும். ஓட்ட ஓட்ட ஃபைபர் குதிகால் தேய்ந்து இடைவெளி சுருங்குவதால், பல மாதங்களாகக் கவனிக்கப்படாத வண்டியில் டைமிங் பின்தங்கியிருக்கும். நான் முதல் முறை இந்த வேலையைச் செய்தபோது, சுருங்கிய இடைவெளியைக் கவனிக்காமல் தட்டைத் திருப்பி டைமிங்கைச் சரியாக வைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பாயிண்ட் இடைவெளியை நினைவு வந்து திருத்தினேன்; டைமிங்கை மறுபடி பார்க்கவில்லை. தீப்பொறி அளவுக்கு மீறி முந்திக்கொண்டது. மறுநாள் காலை கிக்கர் திருப்பி அடித்ததில் கணுக்கால் வீங்கி, பத்து நாட்கள் செருப்புப் போட முடியாமல் நடந்தேன். அன்றிலிருந்து வரிசையை மாற்றுவதில்லை.

தட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆட்டோ அட்வான்ஸையும் இந்த இடத்திலேயே சோதித்துவிட வேண்டும். கேமை விரல்களால் பிடித்து அது சுற்றும் திசையிலேயே திருப்புங்கள். ஸ்பிரிங்கின் எதிர்ப்போடு சிறிது திரும்பி, விட்டவுடன் ‘டக்’கென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். மெதுவாக வந்தாலோ, பாதியில் நின்றாலோ, பழைய கிரீசும் தூசியும் சேர்ந்து கட்டைகளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். தட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கட்டைகள் விரிந்தபடி சிக்கியிருக்கும்போது நீங்கள் 0.8 வைத்தால், பின்னொரு நாள் அவை விடுபட்டதும் வண்டி இழுக்கவே இழுக்காது.

பிஸ்டனின் உச்சியைக் கண்டுபிடித்தல்

பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு ஒருவர் நிற்க, மற்றொருவர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் இரண்டு முறை மேலே வருகிறது; விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேறும் முறைதான் நமக்கு வேண்டிய கம்ப்ரஷன். மற்றொன்று புகை வெளியேறும் முறை. பாயிண்ட் கேம், கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், புகை வெளியேறும் உச்சியில் நின்று பார்த்தால் பாயிண்ட் பிரிவதாகவே தெரியாது. அதைக் கண்டு ‘டைமிங் முழுவதும் போய்விட்டது’ என்று கேமைக் கழற்றத் தொடங்கிவிடாதீர்கள். சக்கரத்தை இன்னொரு முறை சுற்றினாலே போதும்.

காற்று தள்ளத் தொடங்கியதும் கம்பியை ஓட்டைக்குள் விட்டுப் பிஸ்டனின் மேல் நிற்கச் செய்து, விரலால் லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உச்சியை நெருங்கும்போது கம்பி மெதுவாக ஏறி, சிறிது நேரம் அசையாமல் நின்று, பிறகு இறங்கும். அசையாத அந்தப் பகுதி டிகிரிக் கணக்கில் பெரியது. கண்ணால் பார்த்து ‘இதுதான் உச்சி’ என்று சொல்ல முடியாது. அதனால் பிஸ்டன் உச்சிக்குச் சில மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது பிளக் ஓட்டையின் விளிம்புக்கு நேராக வரும்படி கம்பியில் ஒரு கோடு போடுங்கள். பிஸ்டன் ஏறி வரும்போது அந்தக் கோடு பிளக் ஓட்டையின் விளிம்பைத் தொடும் கணத்தில், பின்சக்கர டயரில் மட்கார்டு கம்பிக்கு நேராக சாக்பீஸால் ஒரு குறி. பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கும்போது அதே கோடு அதே விளிம்பைத் தொடும் கணத்தில் இன்னொரு குறி. இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான உச்சி. இரண்டு பேர் இருந்தால் பத்து நிமிட வேலை.

உச்சியில் நிறுத்தி, கம்பி விளிம்பைத் தொடும் இடத்தில் கூர்மையான ஒரு கோடும், அதிலிருந்து மேலே 0.8 மி.மீ. தள்ளி இன்னொரு கோடும் கீறுங்கள். சக்கரத்தை நன்றாகப் பின்னே கொண்டுபோய், மீண்டும் முன்னோக்கி மெல்லச் சுற்றி, ஏறி வரும் பிஸ்டனால் இரண்டாவது கோடு விளிம்புக்கு வந்தவுடன் நிறுத்துங்கள். பிளக் ஓட்டை செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருப்பதால், கம்பி காட்டும் 0.8-க்கும் பிஸ்டனின் உண்மையான 0.8-க்கும் சிறு வேறுபாடு இருக்கத்தான் செய்யும். இதைத் தொடக்க அளவாக எடுத்துக்கொண்டு, கடைசித் திருத்தத்தைச் சாலையில் செய்வதே வீட்டு வேலைக்கு நடைமுறையான வழி.

பிரியும் கணத்தைப் பிடித்தல்

பல்பின் ஒரு வயரைப் பாயிண்டுக்கு வரும் வயர் முனையிலும், மற்றொன்றை என்ஜினின் வெற்று உலோகத்திலும் தொட வையுங்கள். சாவியைப் போடுங்கள். முகங்கள் சேர்ந்திருந்தால் மின்சாரம் அவற்றின் வழியே போய்விடுவதால் பல்பு எரியாது, பிரிந்தவுடன் எரியும். பல்பு இல்லாதவர்களுக்கு புல்லட்டின் ஹெட்லைட் தலையிலேயே உள்ள ஆம்பியர் மீட்டர் இருக்கிறது: முகங்கள் சேர்ந்திருக்கும்போது முள் இடப்பக்கம் சாயும், பிரிந்ததும் நடுவுக்குத் திரும்பும். கிக்கரை அழுத்தி முள் நடுவுக்கு வருவதைப் பார்த்து, டீகம்ப்ரஸரை (சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் லீவர்) பிடித்துச் சற்றே தாண்டவிட்டு உதைக்கும் அந்தப் பழைய பழக்கம் முழுவதும் இதன் மீதுதான் நிற்கிறது. ஆனால் முள் சோம்பேறித்தனமாக நகரும். டைமிங் வைக்கப் பல்புதான் நல்லது. இரண்டும் இல்லையென்றால் காலண்டர் தாளைக் கீற்றாகக் கிழித்து முகங்களுக்கு இடையே கடிக்கவிட்டு, மெல்ல இழுத்தபடியே இருங்கள்; கடி தளர்ந்து தாள் நழுவும் கணம்தான் பிரியும் கணம்.

சாவி போட்டிருக்கும்போது முகங்கள் சேர்ந்தே இருந்தால் காயிலில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் அப்படி விடாதீர்கள். காயில் சூடாகிக் கெடும், பேட்டரியும் இறங்கும்.

பிஸ்டன் 0.8-இல் நிற்க, பாயிண்ட் தட்டின் இரண்டு திருகுகளையும், தட்டு விரலழுத்தத்துக்கு நகரும் அளவு மட்டும் தளர்த்துங்கள். தட்டைக் கேம் சுற்றும் திசையிலேயே திருப்பினால் தீப்பொறி தாமதமாகும். எதிர்த்திசையில் திருப்பினால் முந்தும். மூடியில் வரைந்த அம்புக்குறி இப்போது உதவும். பல்பு அணையும் வரை அம்பின் திசையில் திருப்பிவிட்டு, பிறகு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, பல்பு கண்சிமிட்டி எரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டு திருகுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். தட்டு ஒரு டிகிரி நகர்ந்தால் கிராங்க் கணக்கில் அது இரண்டு டிகிரி.

இறுக்கியதும் வேலை முடியவில்லை. சக்கரத்தை முன்னோக்கி, அடுத்த கம்ப்ரஷன் வரும் வரை முழுவதும் சுற்றி, இரண்டாவது கோடு விளிம்புக்கு வரும்போதுதான் பல்பு எரிகிறதா என்று பாருங்கள். முன்னதாக எரிந்தால் டைமிங் முந்தியிருக்கிறது. கோடு தாண்டி எரிந்தால் பிந்தியிருக்கிறது. மூன்று முறை தொடர்ந்து ஒரே இடத்தில் எரியும் வரை நான் மூடியைப் போடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு இடத்தில் எரிந்தால், டைமிங்கைக் குறை சொல்லாதீர்கள். கேம் தண்டின் புஷ் (அதைத் தாங்கும் உலோக வளையம்) தேய்ந்து ஆடுகிறது, அது பட்டறை வேலை.

தட்டின் நீள்துளை முழுவதையும் திருப்பியும் அளவு கிடைக்காவிட்டால், கேமே தன் கூம்பு முனையில் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. நடு போல்ட்டைத் தளர்த்தி, அதற்குரிய பிடுங்கியால் விடுவித்து, தட்டை நடுவில் வைத்து, கேமைக் கையால் திருப்பிப் பிரியும் கணத்தில் அமர்த்திப் போல்ட்டை இறுக்க வேண்டும். சுத்தியலால் தட்டி எடுக்க நினைக்காதீர்கள். முதல் முறை செய்கிறவர் இதற்கு அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சாலையில்

பிளக்கை மாட்டி, சாதாரண முறையில் உதையுங்கள். கிக்கர் காலைத் திருப்பித் தள்ள முயன்றால் உடனே நிறுத்திவிட்டு டைமிங்கைச் சற்றுப் பின்தள்ளுங்கள். இன்னொரு முறை உதைத்துப் பார்க்க வேண்டாம். சரியாகப் பிடித்துக்கொண்டால் பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றுங்கள்.

கையேடுகளில் ‘மலையேற்றத்தில் சோதிக்கவும்’ என்று இருக்கும். நமக்கு ஏது மலை? டெல்டாவில் மேடு என்றால் ஆற்றுப் பாலத்தின் அணுகுசாலைதான். குடமுருட்டி, அரசலாறு, வெண்ணாறு என்று எந்த ஆற்றின் பாலமாக இருந்தாலும், போக்குவரத்து இல்லாத வேளையில், பின்னால் ஒருவரையோ ஒரு மூட்டை நெல்லையோ ஏற்றிக்கொண்டு, நான்காம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றத்தைத் தொட்டு ஆக்சிலேட்டரை நன்றாகத் திறங்கள். தகர டப்பாவில் சில்லறைக் காசு குலுங்குவது போன்ற ஓசை என்ஜினிலிருந்து தொடர்ந்து வந்தால் தீப்பொறி முந்துகிறது. அதை அலட்சியம் செய்து ஓட்டினால் பிஸ்டன் போகும். ஓசையே இல்லாமல், வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி, வீடு திரும்பியபின் சைலன்சர் வளைவு வழக்கத்துக்கு மீறிக் கொதித்து நீலம் பாய்ந்திருந்தால், பிந்துகிறது. முழு ஆக்சிலேட்டரில் ஓசை எழப் போகிறதோ என்ற எல்லையை ஒருமுறை தொட்டுப் பார்த்து, அங்கிருந்து மயிரிழை பின்னே வைத்துவிடுவது என் வழக்கம். சித்திரை வெயிலில் சோதித்து வைத்த டைமிங் மார்கழியில் தொல்லை தராது. மார்கழிக் காலையில் எல்லை வரை வைத்தது சித்திரையில் தட்டும். ஆகவே வெயில் நேரத்தில் சோதிப்பதே முறை.

பிளக்கின் நிறத்தைப் பார்த்து டைமிங்கைத் தீர்மானிக்காதீர்கள். பால் கலந்த காப்பியின் நிறம் நல்லது என்பது உண்மையே. ஆனால் அது கார்புரேட்டர் கலவையைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலால் வண்டி சற்றே வறண்டு (கலவையில் பெட்ரோல் குறைந்து) ஓடுகிறது என்று தோன்றினாலும், கை வைக்க வேண்டிய இடம் கார்புரேட்டர். பாயிண்ட் தட்டு அல்ல.

எல்லாம் திருப்தியானதும் தட்டின் விளிம்பிலும் அதைத் தாங்கும் கூட்டிலும் சேர்ந்தாற்போல ஆணியால் ஒரு கோடு கீறிவிடுங்கள். அடுத்த முறை பாயிண்ட் மாற்றும்போது தொடங்கும் இடம் அது. கேமில் கிரீசை விரல் நுனியளவுக்குப் பூசுங்கள். கூடினால் அது முகங்களில் தெறித்துக் கருக்கும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் ஐப்பசி அடைமழைக்கு முன் மாற்றிவிடுங்கள். வாய்க்கால் தண்ணீர் ஏறிய சாலையில் ஒருமுறை போய் வந்தாலே உள்ளே ஈரம் பிடித்துவிடும். நான் 2000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மூடியைத் திறந்து இடைவெளியை மட்டும் அளக்கிறேன், அது 0.35-க்குக் கீழே இறங்கியிருந்தால் மட்டும் மேலே சொன்ன வேலை முழுவதையும் மறுபடி தொடங்குகிறேன்.